கிழக்குக் கரைப் பருவக்காற்றுக்குப் பட்டம், பார், போர்டு வாங்கும் முறை

பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடுவதுதான் கைட்சர்ஃபிங். மலேசியாவின் ஜொகூரில் குளுவாங், காஹாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அதை ஓட்டப் போகிறவர்களுக்குக் கடல் பக்கத்தில் இல்லை. 50ஆம் எண் சாலையில் ஜெமாலுவாங் வரை போய் மெர்சிங் பக்கம் திரும்ப வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. சாமானை எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி நமக்குக் கிடையாது. அதனால் வாங்கும்போதே கணக்காக வாங்க வேண்டும். பெரும்பாலோர் செய்வது தலைகீழ்: முதலில் கண்ணைப் பறிக்கும் போர்டு, மிச்சப் பணத்தில் ஒரு பட்டம், கடைசியில் யாரோ கழித்துப்போட்ட பார், அதாவது பட்டத்தின் கயிறுகளைப் பிடித்துத் திருப்பும் கைக்கம்பி. உங்கள் உயிர் பாரில் இருக்கிறது. ஓட முடியுமா முடியாதா என்பதைப் பட்டத்தின் அளவு தீர்மானிக்கிறது. போர்டு மூன்றாவது இடத்தில்தான் வரும்.

எடையும் காற்றும்

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச் வரை அடிக்கும். வழக்கமான வேகம் 10 முதல் 20 நாட்ஸ். வடக்கிலிருந்து குளிர்காற்று பலமாக இறங்கும் சமயங்களில் 30 நாட்ஸையும் தொடும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், வானிலை நிலையத்தின் அறிவிப்பு கிலோமீட்டரில் வந்தால் இரண்டால் வகுத்து, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 22 நாட்ஸ்.

பட்டத்தின் அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. உங்கள் எடையைக் கிலோவில் எடுத்து 2.2ஆல் பெருக்கி, காற்றின் நாட்ஸால் வகுத்தால், வருவது சதுர மீட்டர். 75 கிலோ ஆள், 14 நாட்ஸ்: 165ஐ 14ஆல் வகுத்தால் 12 மீட்டர் பட்டம். அதே ஆளுக்கு 18 நாட்ஸில் 9 மீட்டர். நடுத்தர எடைக்காரர் 12, 9 என்ற இரண்டு பட்டங்களை வைத்துக்கொண்டு பருவம் முழுவதையும் ஓட்டிவிடலாம் என்று சொல்வது இதனால்தான். 55 கிலோ எடையுள்ளவருக்கு 9, 7. 95 கிலோ உள்ளவருக்கு 14 அல்லது 15, கூடவே 11. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெரியதை முதலில் வாங்குங்கள். மெதுவான காற்று நாள்தான் அதிகம். பழகுகிறவருக்கு அதுவே பத்திரமானதும் கூட. பலத்த காற்று நாளில் கரையில் உட்கார்ந்து பாருங்கள், பட்டத்தைப் பையிலேயே விடுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. கம்பெனிகள் அச்சடிக்கும் அளவுப் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கடலை வைத்துப் போட்டவை. சூடான, ஈரமான காற்று அடர்த்தி குறைந்தது. 10 டிகிரிக் காற்றைவிட 30 டிகிரிக் காற்று ஏழு விழுக்காடு போல லேசாக இருக்கும். அதே வேகத்தில் நம் ஊர்க் காற்று கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்கும். பட்டியல் 11 என்றால் 12 எடுப்பதில் தப்பில்லை. ஆனால் 11க்கு 14 எடுக்காதீர்கள். மழை மேகம் வரும்போது காற்று இரண்டு நிமிடத்தில் இரட்டிப்பாகும்; அப்போது பெரிய பட்டம் ஆளைக் கரையோர மரம்வரை இழுத்துக்கொண்டு போய்விடும். கடல்பக்கம் அடியில் கறுத்த மேகச்சுவர் தெரிந்தால் உடனே கரைக்கு வந்து பட்டத்தை இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று என்று நினைத்த நேரத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அது மெலிந்தது, பெரும்பாலும் 15 நாட்ஸுக்குக் கீழேதான். அதைவிட முக்கியம், கிழக்குக் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். ஏதாவது உடைந்தால் நீங்கள் தீவுப் பக்கம் மிதந்துகொண்டிருப்பீர்கள். துணைப் படகு இல்லாமல் அந்தக் காற்றில் இறங்கவே கூடாது.

பட்டத்தின் வடிவம்

இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பான்மை முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் உள்ளவை. பிரான்சின் லெகான்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்குப் பதிந்த யோசனை அது. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், திரும்ப எழும்பும். முன்விளிம்பிலிருந்து பின்னால் ஓடும் குறுக்குக் குழாய்களை ஸ்ட்ரட் என்கிறோம். அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தே பட்டத்தின் குணத்தைப் பாதி சொல்லிவிடலாம்.

ஒரு ஸ்ட்ரட் உள்ளது லேசு. 10, 12 நாட்ஸ் காற்றிலும் வானத்தில் நிற்கும், விழுந்தால் சுலபமாக எழும்பும், பையில் சின்னதாக மடங்கும். காற்று ஏறினால் துணி படபடக்கும், பிடிப்புக் குறையும். மூன்று ஸ்ட்ரட் எல்லாவற்றுக்கும் பொது. பழகுகிறவர், அலை ஓட்டுகிறவர், வார இறுதிக்கு மட்டும் போகிறவர் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றுக்குப் போகலாம். ஐந்து ஸ்ட்ரட் பலத்த காற்றில் உருக்குலையாமல் நிற்கும். உயரத் தாவுகிறவர்களுக்கு அது பிடிக்கும், விலையும் எடையும் அதிகம்.

இன்னொன்று வளைவு. சி வடிவப் பட்டம் ஆழமாக வளைந்தது; பாரை இடுப்புக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டு வித்தை காட்டுகிறவர்களுக்கு உரியது. பாரைத் தள்ளினாலும் இழுவை முழுதாக இறங்காது, தண்ணீரிலிருந்து எழுப்புவதும் பாடு. 2005 வாக்கில் வந்த 'போ' (வில்) வகை, அதன்பின் வந்த டெல்டா, ஹைப்ரிட் வகைகளில் முன்விளிம்போடு சிறு கயிற்று வலை இருக்கும். அதனால் பாரைத் தள்ளியதும் இழுவை ஏறக்குறைய செத்துவிடும். பழகுகிறவர் இந்த வகைக்கு வெளியே போகக் கூடாது.

புதிதாக வருகிற அலூலா போன்ற துணிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வழக்கமான டேக்ரான் குழாயைவிட அது லேசானது, விறைப்பானது, பட்டம் சட்டென்று திரும்பும். ஆனால் விலை எங்கோ போய் நிற்கிறது. தடவைக்கு மூன்று முறை பட்டத்தை மணலில் குத்துகிற நிலையில் இருப்பவருக்கு அந்தப் பணம் வீண். அந்த வித்தியாசத்தில் இரண்டாவது பட்டமே வாங்கிவிடலாம்.

குழாயே இல்லாத, துணி அறைகளுக்குள் காற்றே புகுந்து நிற்கும் ஃபாயில் பட்டங்களும் உண்டு. 2024 ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வென்றது அந்த வகையில்தான். அதிலிருந்து ஜொகூர் பையன்களுக்கு அதன்மேல் ஒரு கண். அறைகளில் தண்ணீர் புகுந்துவிட்டால் அதை எழுப்ப முடியாது, நீந்தித்தான் வர வேண்டும். பந்தயம் ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

பார்: பணத்தை இங்கே போடுங்கள்

பாரில் நான்கு கயிறு. நடுவில் உள்ள இரண்டு முன்கயிறுகள் பளுவைத் தாங்குகின்றன. ஓரத்து இரண்டு பின்கயிறுகள் மாட்டுவண்டியின் தலைக்கயிறு மாதிரி, திருப்புவதற்கு. பெரும்பாலான கம்பெனிகளில் சிவப்பு முனை இடக்கைக்கு. கயிற்று நீளம் 20 முதல் 24 மீட்டர். குட்டையானது சட்டென்று திருப்பும், நீளமானது மெலிந்த காற்றில் அதிகம் இழுக்கும். பாரின் அகலம் 9 மீட்டர் வரையுள்ள பட்டத்துக்கு 45 சென்டிமீட்டர் போதும். 12க்கு மேல் 50 அல்லது 55. இரண்டு அகலத்துக்கும் மாற்றிக்கொள்ளும் பார் ஒன்று வாங்கினால் இரண்டு பட்டத்துக்கும் அதுவே போதும். கூடுமானவரை பட்டத்தைச் செய்த கம்பெனியின் பாரையே வாங்குங்கள். வேறு கம்பெனியின் பாரில் முன்கயிறுகள் சேரும் உயரம் வேறாக இருக்கும். பட்டம் பறக்கும், ஆனால் கோணல் புத்தியோடு பறக்கும்.

உடம்பில் கட்டும் பட்டையான ஹார்னஸின் கொக்கியில் மாட்டும் வளையம் சிக்கன் லூப். அதற்கு மேலே தள்ளுகிற உறை ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் வளையம் திறந்து, பட்டம் ஒரே ஒரு முன்கயிற்றில் தொங்கி, துணிபோல் சரிந்துவிடும். அப்போதும் இழுத்தால், பட்டத்தை ஆளோடு இணைக்கும் கயிறான லீஷில் உள்ள இரண்டாவது விடுவிப்பைத் தள்ளிப் பட்டத்தையே விட்டுவிடலாம். இந்த இரண்டு விடுவிப்புக்கும் 2020இல் ஐஎஸ்ஓ 21853 என்ற தரம் வந்தது. புது பார் வாங்கினால் அந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்கின அன்றே வீட்டில் ஒரு சோதனை. சிக்கன் லூப்பைக் கொக்கியில் மாட்டி, பாரின் மேல்பக்கக் கயிறுகளை ஒரு தூணில் கட்டி, பின்னால் சாய்ந்து உடம்பின் பளு முழுவதையும் அதில் போடுங்கள். பளு இருக்கும்போதே ஒரு கையால், பார்க்காமல் தள்ளுங்கள். விட வேண்டும். பிறகு திரும்பப் பூட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பூட்டும்வரை இதைப் பழகுங்கள். உறை இறுகினால் பெரும்பாலும் காரணம் மணல்தான். நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஆட்டினால் இறங்கிவிடும். எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள். அது மணலை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கயிற்றின் நீளம் சமமாக இருக்கிறதா என்பதுதான் பலரும் பார்க்காமல் விடுகிற விஷயம். பள்ளித் திடலின் கோல் கம்பம் இதற்கு நல்ல இடம். நான்கு கயிற்று முனைகளையும் ஒரே கம்பத்தில் ஒரே உயரத்தில் மாட்டுங்கள். இழுவை குறைக்கும் ட்ரிம் பட்டையை முழுதாகத் தளர்த்திவிட்டு, பாரை உடம்போடு சேர்த்து இழுங்கள். பார் நேராக நிற்க வேண்டும், நான்கு கயிறும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். பளுவெல்லாம் முன்கயிறுகளில் விழுவதால் நாளடைவில் அவை நீண்டுவிடும். அப்போது பின்கயிறுகள் குட்டையாகிப்போனதற்குச் சமம். பட்டம் தலைக்கு மேலே நிற்காமல் பின்பக்கமாக நழுவி விழும். பழகுகிறவர் தன் கை சரியில்லை என்று நினைத்து மாதக் கணக்கில் போராடுவார். பின்கயிற்று முனையில் உள்ள முடிச்சுகளில் வெளியே இருப்பதற்கு மாற்றி நீளம் கூட்டினால் சரியாகிவிடும். புதுக்கயிறு முதல் சில தடவைகளிலேயே நீளும். ஐந்து முறை ஓட்டியதும் ஒரு தடவை கம்பத்தில் மாட்டிப் பாருங்கள்.

கடற்கரையில் கட்டும்போது முன்விளிம்பு காற்றைப் பார்க்கும்படி பட்டத்தைக் கவிழ்த்து, மேலே மணல் போட்டு நிறுத்துங்கள். பம்பின் அளவுமானி 6 முதல் 8 பிஎஸ்ஐ வரை காட்டட்டும். பெரிய பட்டத்துக்குக் குறைவு, சின்னதுக்கு அதிகம், பட்டத்திலேயே அச்சடித்திருக்கும். காற்று குறைந்தால் நடுவில் மடியும். நிறைய ஊதி வெயிலில் போட்டுவிட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும். கயிறுகளைக் கையால் பிரித்துக்கொண்டே நடந்து, முன்கயிறு நடுவில், பின்கயிறு ஓரத்தில் என்று வையுங்கள். கண்ணியை முடிச்சுக்குப் பின்னால் தள்ளி இறுக்க வேண்டும். முடிச்சின்மேலேயே இறுக்கினால் வழுக்கி அவிழும். ஒரு முன்கயிறு அவிழ்ந்த பட்டம் சுழன்று சுழன்று இழுக்கும். முன்கயிறும் பின்கயிறும் மாறிப்போவது அதைவிட மோசம். தூக்கிவிடும் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு கயிறாகக் கண்ணால் பட்டம்வரை தொடர்ந்து பாருங்கள். அந்த அரை நிமிடத்துக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போர்டு

ட்வின் டிப் என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள பலகை. திரும்பாமலே எதிர்த்திசையில் ஓடலாம். 75 கிலோவுக்கு 138 × 41 சென்டிமீட்டர் பொதுவான அளவு. 55 கிலோவுக்கு 132 × 39. 95க்கு 144 × 43 போல. பழகும் காலத்தில் இதோடு ஐந்து சென்டிமீட்டர் நீளம் கூட்டிக்கொள்ளலாம். அகலமான போர்டு சீக்கிரம் தண்ணீரின்மேல் ஏறும், காற்றை எதிர்த்து மேலே வர உதவும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடியாமல் கடற்கரையில் போர்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் முதல் பருவத்தின் பெரிய சலிப்பு. அகலம் அதைப் பாதியாகக் குறைக்கும்.

பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வளைவு ராக்கர். தட்டையானது வேகம், மெலிந்த காற்றுக்கு நல்லது. வளைந்தது அலை குதிப்பில் முழங்காலைக் காப்பாற்றும். மெர்சிங் பக்கம் மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பாகத்தான் இருக்கும். முழுத் தட்டை வேண்டாம், நடுத்தரமாக எடுங்கள். உள்மரம் பாலோனியாவும் கண்ணாடி இழையும் போதும். கார்பன் விறைப்பாகத் தாவும், கொந்தளிப்பில் காலை உலுக்கும். 95 கிலோ ஆளும் 15 மீட்டர் பட்டம் வாங்க மனமில்லாதவரும் 155 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய மெலிகாற்றுப் போர்டைப் பார்க்கலாம். இரண்டாவது பெரிய பட்டத்தைவிட அது மலிவாக முடியும்.

போர்டின் அடியில் உள்ள துடுப்புகளின் ஆணிகளை ஒவ்வொரு தடவையும் இறுக்குங்கள், உதிரி நான்கு பையில் இருக்கட்டும். போர்டைக் காலோடு கட்டும் லீஷை வாங்கவே வாங்காதீர்கள். பட்டம் உங்களை இழுக்க, போர்டு பின்னால் இழுபட்டு ரப்பர் சுண்டி மண்டையில் அடிக்கும். போர்டு இல்லாமல் பட்டத்தோடு தண்ணீரில் இழுபட்டுப் போர்டை எடுக்கும் பயிற்சியை ஐகேஓ என்ற சர்வதேசக் கைட்போர்டிங் அமைப்பின் சான்றிதழ் உள்ள பயிற்றுநர்கள் முதலிலேயே கற்றுத்தருவார்கள்.

போர்டின் அடியில் கம்பம் வைத்து, தண்ணீருக்குள் இறக்கை பூட்டிய ஹைட்ரோஃபாயில் ஓட்டினால் பட்டம் ஒன்றிரண்டு அளவு சின்னதாகப் போதும், 10 நாட்ஸிலும் ஓடலாம். ஆனால் 75 முதல் 90 சென்டிமீட்டர்க் கம்பம் அடியில் இருக்கிறது. மணல்திட்டு மாறிக்கொண்டே இருக்கும் கரையில் அது தட்டினால் ஆள் தலைகுப்புறப் பறப்பார். ட்வின் டிப்பில் காற்றை எதிர்த்து வரத் தெரிந்தபின் பார்க்கலாம்.

உடம்பில் மாட்டுவது

இடுப்பு ஹார்னஸ் வயிற்றுக்கு மேலே ஏறி விலா எலும்பில் உட்கார்ந்தால் அளவு பெரிது. தொந்தி உள்ளவர்களுக்கு இடுப்பு வகை நிற்பதே இல்லை. கால் வழியாகப் போடும் சீட் ஹார்னஸ் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தலைக்கவசம், கயிறு வெட்டும் கொக்கிக் கத்தி இரண்டும் கட்டாயம். அடி தாங்கும் இம்பாக்ட் வெஸ்ட் வேறு, மிதவை ஜாக்கெட் வேறு. நீச்சல் தெரியாதவரை வெஸ்ட் காப்பாற்றாது.

தோட்டத் திடலில் எதைச் செய்யலாம்

ஊரில் பழக 2 அல்லது 3 மீட்டர்ப் பயிற்சிப் பட்டம் போதும். அதற்கு மேல் ஊருக்குள் வேண்டாம். செம்பனை வரிசைகள் சூழ்ந்த திடலில் காற்று சுழன்று வரும். மரத்தின் உயரத்தைப் போல ஏழு முதல் பத்து மடங்கு தூரம்வரை அந்தச் சுழல் இருக்கும். 12 மீட்டர் மரமென்றால் 100 மீட்டர் தாண்டித்தான் காற்று நேராகும். மின்கம்பி ஓடும் பக்கமும் குளுவாங் இராணுவ விமானத்தளத்தின் பக்கமும் போகவே கூடாது.

பழசு வாங்கினால்

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பட்டத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துணியை இரண்டு கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். மொடமொடவென்று புதுத்தாள் போல் ஓசை வந்தால் நல்லது, பழைய சட்டை மாதிரித் தொய்ந்தால் வெயில் தின்றுவிட்டது. முன்விளிம்பைக் கெட்டியாக ஊதி அரைநாள் விடச் சொல்லுங்கள். வால்வைச் சுற்றிப் பசை விட்டிருக்கிறதா, தைத்த இடத்தில் நூல் வேறு நிறமா என்று பாருங்கள். தெரு முனைத் தையல்கடையில் முன்விளிம்பைத் தைத்திருந்தால், அந்த ஊசித்துளை வரிசையிலேயே அது வெடிக்கும்.

குழாய்க்குள் இருக்கும் காற்றுப்பையான பிளாடரில் ஓட்டை விழுந்தால் உருவி எடுத்து ஊதி, சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். மோட்டார் சைக்கிள் கடையின் ரப்பர் பேட்ச் பிடிக்காது. பிளாடர் டிபியு பிளாஸ்டிக், அந்தப் பேட்ச்சின் பசை ரப்பருக்கானது. டியர் எய்ட் ஏ வகை ஒட்டுப்பட்டை பிடிக்கும். பி வகை வினைலுக்கு. ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

வீட்டில் வைக்கும் விதம்

பாரை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பட்டத்தை நிழலில் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். கார் பூட்டில் போட்டு வேலைக்குப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் வால்வுப் பசை இளகும். தோட்டத்து வீடுகளில் எலிக்குக் குறைவில்லை. செம்பனைக்கு நடுவில் ஆந்தைப் பெட்டி வைத்திருப்பதே அதற்காகத்தானே. பையைத் தரையில் வைத்தால் துணியைக் கடித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போடுங்கள், அல்லது உத்தரத்தில் தொங்கவிடுங்கள். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் கூடத்திலேயே பட்டத்தை ஊதி இரவு முழுதும் விட்டுப் பாருங்கள். காலையில் தொய்ந்திருந்தால் ஓட்டையை வீட்டிலேயே அடைத்துக்கொள்ளலாம். கடற்கரையில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து தேட வேண்டியதில்லை.